பனிமலைக்கு ஒரு சிவப்புத் தாள்

காலில் இரண்டு நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலை உச்சியிலிருந்து சறுக்கி வருவது ஒரு விளையாட்டு என்பதை அய்யாதுரை அண்ணாச்சிக்கு விளங்கவைக்க ஸ்ரீமதிக்கு அரை மணி நேரம் பிடித்தது.

“ஏறுறதுக்கும் பலகைதானா?”

“இல்ல அண்ணாச்சி. ஏறுறதுக்குக் கம்பியில தொங்குற நாற்காலி இருக்கு. அதுக்கு டிக்கெட்டு.”

“எறங்குறதுக்கு?”

“அது அவுகவுக பாடு.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவகாசியில் அவர் அச்சடிக்கும் தினசரி காலண்டர் தொங்காத பலசரக்குக் கடை அந்த வட்டாரத்தில் குறைவு. ஸ்ரீமதி அங்கே ஒன்பது வருடம் காலண்டர் தாள்களுக்குப் பக்கம் அமைத்தவள். வீட்டில் வீடியோ பார்த்தே ஆப் வடிவமைக்கவும் கற்றுக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணாச்சியிடம் கேட்டு மாடி அறையை வாங்கி, நிரல் எழுதும் ஜெயபாண்டியையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதுவரை முடித்தது ஒரு மிட்டாய்க் கடை, ஒரு கல்யாண மண்டபம். அவ்வளவுதான்.

“இந்தா பாரும்மா. மழை ஈரத்துல கீழ பேப்பரை வைக்க முடியல. ஓரமெல்லாம் அப்பளமா வளைஞ்சு போகுது. இந்த ஆர்டரு நெலைச்சுச்சுன்னா மாடி ஒனக்கு. நெலைக்கலைன்னா மாடி பேப்பருக்கு. நீ கீழ வந்து ஒம் பழைய நாற்காலியில உக்காந்துரு.”

கீழே இருந்த பழைய நாற்காலி நல்ல நாற்காலிதான். ஆனாலும் மாடியில் உட்கார்ந்து ஒரு பொருளை முதலிலிருந்து கடைசி வரை தானே யோசித்துச் செய்து பழகியவளுக்கு அதில் இனி முதுகு பொருந்தாது என்று ஸ்ரீமதிக்குத் தெரியும்.

ஆர்டர் வந்தது எழில் மூலமாக. சாத்தூர்க்காரி, கல்லூரியில் ஒரே பெஞ்சு. இப்போது ஆஸ்திரியாவில் ஒரு சின்ன மலையூரின் சறுக்குமலை ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கே மலையின் நிலவரம் சொல்ல ஏற்கெனவே ஒரு ஆப் இருந்தது. திறந்தால் பத்தொன்பது எண்கள். உச்சியில் எத்தனை டிகிரி, அடிவாரத்தில் எத்தனை, பனி எத்தனை சென்டிமீட்டர், காற்று எந்தப் பக்கம். அதை எவரும் படிப்பதில்லை. விடிந்ததும் டிக்கெட் ஜன்னலுக்கே போன் போட்டு, “இன்னைக்கு வரலாமா?” என்று கேட்கிறார்கள். ஒரு காலைக்கு இருநூறு போன். ஜன்னலில் இருக்கும் பெண் வேலையை விடப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீமதி முப்பத்துநான்கு கேள்விகளை வரிசை எண் போட்டு எழுதி அனுப்பினாள். புதுப்பனி எவ்வளவு நேரம் பொசுபொசுவென்று இருக்கும்? மழை விழுந்தால் பனி என்ன ஆகும்? எழில் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிவிட்டு, கடைசியில், “பப்ளிக் பரீட்சைக்குக்கூட நான் இம்புட்டு எழுதலடி” என்று சேர்த்திருந்தாள்.

பதில்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே சுவரில் காலண்டர். நடுவே தேதி, வாசலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில். அதன் கீழே நல்ல நேரம், இராகு காலம். காலையில் நேற்றைய தாளைக் கிழித்தால் அன்றைய தினம் கண்முன்னால். ஒன்பது வருடமாக இதைத்தானே செய்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரே தாள். நடுவில் பெரிதாகப் பனியின் ஆழம். கீழே, சறுக்க நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பதினொன்று. காற்று எழும் நேரம் ஒன்றரையிலிருந்து மூன்று. விரலால் இழுத்தால் நேற்றைய தாள் கிழிந்து விழும். அந்தச் சத்தத்துக்காக ஜெயபாண்டி நிஜத் தாள்கள் நாற்பதைக் கிழித்துப் பதிவு செய்தான். நிறமும் காலண்டர் வழக்கப்படியே. சாதாரண நாள் பச்சை. அருமையான நாள் சிவப்பு.

சோதிக்காமல் எதையும் அனுப்புகிறவள் இல்லை ஸ்ரீமதி. பைண்டிங் பகுதிக்குப் போய் இரண்டு தாளையும் நீட்டினாள்.

“இதுல எது நல்ல நாளு?”

“இதென்ன கேள்வி?” என்றாள் ஆவுடைத்தாய், தைத்துக்கொண்டிருந்த தாள்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “செவப்புத்தான். செவப்புன்னா லீவு. லீவை விட நல்ல நாளு எங்கன இருக்கு?”

லோடு ஏற்றும் சிவபாண்டியும் சிவப்பைத்தான் தொட்டான். பன்னிரண்டு பேரைக் கேட்டதில் பன்னிரண்டு பேரும் சிவப்பு. நோட்டில் குறித்துக்கொண்டாள். எழிலுக்கு அனுப்பினாள். “சூப்பர்டி, எங்க வீட்டு அடுப்படியே கண்ணு முன்னால வந்துருச்சு” என்று பதில் வந்தது. எழிலின் மேலதிகாரி ஹெல்கா அந்த வாரம் விடுப்பு. வழக்கமாக மலைக்கு வருகிற நாற்பது பேரின் போனில் புதிய ஆப் ஏற்றப்பட்டது.

திங்கள்கிழமை மதியம், ஸ்ரீமதி புளிச்சோற்றில் கை வைத்த நேரம் போன் அடித்தது. அங்கே அப்போதுதான் காலை எட்டு.

“ஏ ஸ்ரீ, செத்தோம்டி.”

“என்னடி ஆச்சு?”

“சனிக்கெழம மொழங்கால் ஆழம் புதுப்பனி. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. இந்த சீசன்லயே இப்படி ஒரு நாளு வரல.”

“சிவப்புத் தாள் வந்துச்சா?”

“வந்துச்சு. நாப்பது பேர்ல ஆறு பேருதான் மலைக்கு வந்தாக. மிச்ச ஆளெல்லாம் வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டாக. இங்க செவப்புன்னா ஆபத்து. மலையை மூடியாச்சுன்னு அர்த்தம்.”

ஸ்ரீமதி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

“ஞாயித்துக்கெழம?”

“மழை. பனியெல்லாம் சகதி. பச்சைத் தாளு. முப்பத்தோரு பேரு ரெண்டு மணி நேரம் காரோட்டி வந்து நனைஞ்சுட்டுப் போயிருக்காக. ஒரு வாத்தியாரு மூணு பிள்ளைகளோட வந்தாராம். அவரு எழுதின கடுதாசிய ஹெல்கா சத்தம் போட்டு வாசிக்கிறா.”

“நீயாச்சும் சொல்லியிருக்கலாம்லடி! ஆறு வருசமா அங்கதான இருக்க?”

“எனக்கே தோணலயேடி. செவப்பைப் பாத்ததும் பள்ளிக்கூடம் இல்லன்னு சந்தோசந்தான் வந்துச்சு. நாளைக்குள்ள ஒரு பதில் சொல்லு. இல்லைன்னா ஹெல்கா நிப்பாட்டிருவா.”

ஜெயபாண்டி வாயில் எதுவும் தங்காது. தண்ணீர் பிடிக்கக் கீழே போனவன் திரும்பி வருவதற்குள் செய்தி அண்ணாச்சியை எட்டிவிட்டது. சாயங்காலமே சிவபாண்டி முதல் பேப்பர்க் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினான்.

“அக்கா, கோவிச்சுக்கிடாதீக. இப்போதைக்கு மூலையில வைக்கச் சொன்னாரு.”

“பன்னெண்டு பேரும் சிவப்புன்னு சொன்னீகளேடா!”

“நம்மகிட்ட கேட்டா நாம சொல்லுவோம். அந்த வெள்ளைக்காரகிட்டயில்ல கேக்கணும்!”

அவன் சொன்னது சரி. மூலையில் கட்டுகள் ஏறிக்கொண்டே இருந்தன. இடுப்பளவு வந்ததும் ஸ்ரீமதி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். தலையில் கைவைத்து உட்காருவது அவள் வழக்கமில்லை. கணக்காக எழுதிப் பார்த்தால் எந்தச் சிக்கலும் கொஞ்சம் சிறுத்துவிடும்.

சனி: முப்பத்துநான்கு பேர் வரவில்லை. ஞாயிறு: முப்பத்தொரு பேர் வந்தார்கள். இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழிலுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள். இந்த நாற்பது பேரில் எத்தனை பேர் அந்த இரண்டு நாளும் ஜன்னலுக்குப் போன் போட்டு, வரலாமா என்று கேட்டார்கள்?

சற்று நேரத்தில் பதில் வந்தது. “ஒருத்தர்கூட இல்ல. அவுகளுக்குன்னு வச்ச தனிப் போனுக்கு உக்காந்த பிள்ளை கம்பளிக் காலுறை பின்னிக்கிட்டு இருந்தாளாம். பாதி முடிச்சுட்டாளாம்!”

ஸ்ரீமதி ஹெல்காவுக்குக் கடிதம் எழுதினாள். ஒன்று, தவறு என்னுடையது. எங்கள் ஊரில் சிவப்பு என்பது விடுமுறையின் நிறம், உங்கள் ஊரில் கேட்காமல் விட்டேன். இரண்டு, வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். மூன்று, பழைய ஆப்பில் பத்தொன்பது எண்கள் இருந்தும் ஒருவரும் அதை நம்பவில்லை, போன் போட்டார்கள். இந்தத் தாளை நம்பி முப்பத்துநான்கு பேர் வீட்டில் இருந்தார்கள், முப்பத்தொரு பேர் மழையில் காரோட்டினார்கள். நான்கு, இப்படி நம்புகிற ஒரு தாளில் நிறத்தை மட்டும் மாற்ற எங்களுக்கு ஒரு நாள் போதும். ஐந்து, இந்த முறை அனுப்புவதற்கு முன்னால் நாற்பது பேரிடமும் நிறம் கேட்டுவிடுவேன்.

மறுநாள் எழில் கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே பேசினாள். “மூணாவது பாயிண்ட வாசிச்சுட்டு ஹெல்கா பத்து நிமிசம் சிரிச்சாடி. ‘ஆளுகள மழையில காரோட்ட வச்ச ஆப்பு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்’னா. ஒரு வாரம் தந்திருக்கா.”

நிறம் மாறியது. அருமையான நாள் பச்சை, வேண்டாத நாள் சிவப்பு, நடுவாந்தரம் மஞ்சள். நாற்பது பேருக்கும் காட்டி நாற்பது பேரும் தலையாட்டிய பிறகே அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை நல்ல பனி. பச்சைத் தாள். முப்பத்தெட்டுப் பேர் மலைக்கு வந்தார்கள். மீதி இரண்டு பேருக்குக் காய்ச்சல். வாத்தியாரின் பிள்ளைகள் நாளைய தாளையும் கிழிக்கப் பார்த்தார்களாம். வரவில்லை என்று புகார்.

ஆர்டர் நிலைத்தது. வேறு இரண்டு மலைகளுக்கும் இதே போல வேண்டும் என்று ஹெல்கா எழுதியிருந்தாள்.

ஸ்ரீமதி கீழே வந்து சொன்னபோது அண்ணாச்சி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். “அப்ப பேப்பரு?” என்றார்.

“நீங்கதான அண்ணாச்சி சொன்னீக?”

“சொன்னேன், சொன்னேன். ஏலே சிவபாண்டி! மேல இருக்கிறதை எறக்கு. என் ரூம்ல அடுக்கு.”

“ஏத்தச் சொல்லி ஒரு வாரம் ஆகல, அண்ணாச்சி. எந் தோளு என்ன கம்பியில தொங்குற நாற்காலியா?” என்று முனகிக்கொண்டே சிவபாண்டி படியேறினான்.

“இன்னொண்ணு, அண்ணாச்சி” என்றாள் ஸ்ரீமதி. “அந்த ஹெல்காம்மா ஆபீசு சுவருல மாட்ட நம்ம காலண்டர் ஒண்ணு கேக்குறாக. ஞாயித்துக்கெழம தாளை மட்டும் பச்சையில அடிச்சுத் தர முடியுமான்னு.”

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆப்புல என்ன வேணாலும் பண்ணிக் குடும்மா. ஏங் காலண்டருல ஞாயித்துக்கெழம செவப்புத்தான். வேணும்னா அந்தம்மா அன்னைக்குப் பயந்துக்கிட்டு வீட்ல இருக்கட்டும். லீவுதான!”