காயடிப்பு நாள்

இரும்புத் தொட்டிலில் மல்லாக்கக் கிடந்த கிடாக்குட்டியின் விதைப்பையில், இடுக்கியால் விரித்த ரப்பர் வளையத்தை நெவில் மாட்டிவிட்டார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வசனம் உண்டு. "உன் கவலையெல்லாம் இன்னியோட தீந்துச்சு, மாப்ள." நாற்பது வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்ட் குளிரிலும், ஆஸ்திரேலியாவின் டெனிலிக்வின் ஊருக்கு வெளியே இருக்கும் இந்தப் பட்டியில் குட்டிகளுக்கு அவர் சொல்லிவரும் ஆறுதல் அது. குட்டியைப் பிடித்துக்கொள்ளும் பக்கத்துப் பண்ணை கிளைவ் அதற்காகவே காத்திருப்பார். கேட்டதும் ஏதோ முதல் தடவை கேட்கிற மாதிரி சிரிப்பார். இன்று முப்பது குட்டி போயும் நெவில் வாயைத் திறக்கவில்லை. கிளைவ் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மே மாதம் நெவிலுக்கு வயிற்றில் முதல் ஊசி போட்டிருந்தார்கள். புராஸ்டேட்டில் கட்டி, எலும்புக்கும் போயிருந்தது. உடம்பில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுத் தீனியை நிறுத்தினால் கட்டி அடங்கிக் கிடக்கும் என்றார் டாக்டர். ஆடு வளர்ப்பவனுக்குத் தீனிக் கணக்கு விளங்காமல் போகுமா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அதே தீனியைத் தின்றுதான் தானும் இத்தனை காலம் ஓடியாடித் திரிந்தோம் என்பது பிறகுதான் விளங்கியது. ஒரு கையால் தூக்கி எறிந்த வைக்கோல் கட்டுக்கு இப்போது முழங்காலின் உதவி வேண்டியிருந்தது. டிவியில் மழை வரும் என்று சொன்னதற்கு அழுகை வந்தது. ராத்திரி மனைவி லினெட் பக்கத்தில் படுத்தால் பாசம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அது வரவில்லையே என்ற ஏக்கம்கூட வராததுதான் அவரைப் பயமுறுத்தியது. போதாக்குறைக்கு, நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் அந்தச் சூடு வேறு. லினெட்டுக்கு ஐம்பது வயதில், மாதவிலக்கு நிற்கிற சமயம் இதே சூடு வந்தபோது, "அடுப்பு மூட்டிட்டியா?" என்று கேட்டவர் இவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். லினெட் அலமாரியைக் குடைந்து தன் பழைய கைவிசிறியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை இரண்டாவது ஊசி. போவதில்லை என்று நெவில் முடிவு செய்திருந்தார். லினெட்டிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாவது குட்டியில் சூடு ஏறியது. கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார், ஸ்வெட்டரையும் உருவினார்.

"காத்து கத்தி மாதிரி அறுக்குது, நீ என்னடான்னா குளிக்கப் போறவனாட்டம் கழட்டுற?" என்றார் கிளைவ். "இந்த வயசுல என்ன சூடு மாப்ள? லினெட்கிட்ட சொல்லட்டுமா?"

நெவில் இடுக்கியைக் கீழே வைத்தார். "எனக்கும் வளையம் மாட்டிட்டாங்கடா. ஊசியில."

கிளைவ் சிரிக்கவில்லை. "புராஸ்டேட்டா?"

"ம். எலும்புக்கும் போயிருச்சு. வியாழக்கிழமை அடுத்த ஊசி. நான் போறதா இல்ல. ஆம்பளயா வாழ்ந்தாச்சு, இருக்கிற வரைக்கும் ஆம்பளயாவே இருந்துட்டுப் போறேன்."

கிளைவ் குட்டியை வளையம் போடாமலே இறக்கிவிட்டார். அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கண்ணன் ராய் முதுகுவலியில படுத்துச் செத்தான்னு ஊருக்குச் சொன்னோம்ல. முதுகு இல்ல. இதேதான். ஊசி வேணாம்னான், நீ இப்ப சொன்ன அதே பேச்சு. கடைசி ஆறு மாசம் நான்தான் அவனத் தூக்கிட்டுப் போய் கக்கூஸ்ல உக்கார வச்சேன். அங்க உக்காந்துக்கிட்டும் ஆம்பளயாத்தான் இருந்தான், கழுத."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னான். நீ வசனம் பேசுவியாம்."

ராய் இந்தத் தொட்டில் பக்கத்தில் நின்று எத்தனை ஆகஸ்ட் சிரித்திருப்பார்? நெவிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணீர் வந்தது. ஊசியால் வந்ததா, ராயால் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. துடைக்காமல் நின்றார். மீதிக் குட்டிகளையும் முடித்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, யாரும் கூப்பிடாமலே கிளைவின் வண்டி வாசலில் வந்து நின்றது. நெவில் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அது போகிற வழியாய்த் தெரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சட்டையைத் தூக்கச் சொன்னபோது, கிளைவ் சுவர்ப்பக்கம் திரும்பி, தாய்ப்பால் கொடுப்பது எப்படி என்ற விளம்பரத்தை வரி விடாமல் படித்தார். ஊசி போட்டு முடித்த நர்ஸ் அடுத்த தேதி சொன்னாள். நவம்பர் பதினெட்டு.

"கோதுமை அறுப்பு நேரம்," என்றார் நெவில். "அப்ப முடியாதும்மா. அப்புறமாப் பாத்துக்கலாம்."

"முடியும்," என்றார் கிளைவ். "அன்னிக்கு நான் சும்மாதான் இருப்பேன். கூட்டிட்டு வரேன்."

கிளைவுக்கு இரண்டாயிரம் ஏக்கர் கோதுமை. நவம்பர் நடுவில் இந்தப் பக்கம் படுத்த படுக்கையாய் இருப்பவனைத் தவிர எவனும் சும்மா இருப்பதில்லை. நெவில் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், கிளைவ் நர்ஸிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, தன் புறங்கையில் பதினெட்டு என்று பெரிதாக எழுதி, மை காய்வதற்காக ஊதிக்கொண்டு நின்றார்.