ஸ்கெல்வியை விட்டு ஓடியவன்

கர்னல் ரூபர்ட் ஸ்கெல்வி பேனா மூடியைக் கழற்றி ஜோடி கிரிம்ஷாவின் முன்னால் வைத்தார். வம்சாவளி அறிக்கையில் அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பித்தளைப் பலகை திறப்பு. இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையோடு கடல் தாண்டி வந்து ஸ்கெல்வி கிராமத்தை வளைத்துக்கொண்ட ஃபுல்க் பிரபுவின் நேர்வாரிசுகள் கர்னல் குடும்பத்தார் என்று அதில் பொறித்தே விட்டார்கள்.

வம்சாவளி ஆய்வாளராக ஜோடிக்கு இது முதல் வேலை. கையெழுத்துப் போட்டால் கர்னலின் நண்பர்கள் வரிசையில் நிற்பார்கள். குப்பை லாரி ஓட்டும் அவள் அப்பாவுக்குத் தன் தாத்தாவுக்கு மேல் ஒரு பெயரும் தெரியாது; அதற்காக அவர் யார் முன்னாலும் குனிந்ததில்லை.

"போட மாட்டேன் கர்னல். ஃபுல்க் வம்சம் கொள்ளைநோய்ல முடிஞ்சுபோச்சு. மிஞ்சினது ஒரே பொண்ணு, அவளும் கன்னியாஸ்திரி."

"அப்ப எங்க மூதாதை ஹியூ? ஸ்கெல்வி ஹியூன்னு வரிப்பட்டியல்ல இருக்கே. எங்க தாத்தாவே கண்டுபிடிச்சாரு."

"இருக்கான். எந்த ஊர்ப் பட்டியல்னு உங்க தாத்தா பாக்கல. முப்பது மைல் தள்ளி, மார்ல். ஊர்ப் பேரு அந்த ஊர்ப் பிரபுவுக்கு ஒட்டும், இல்லேன்னா அந்த ஊரை விட்டு வெளியூர் போனவனுக்கு ஒட்டும். இவன் ரெண்டாவது."

பிரபுவின் ஊர்மன்றப் பதிவேட்டின் நகலை விரித்தாள். பண்ணையடிமை ஹியூ, பிரபுவின் ஆலைக்குப் போய்க் கூலி கட்டாமல் வீட்டிலேயே மாவரைத்த குற்றம். மன்றத்துக்கு நாலு முறை கூப்பிட்டும் வரவில்லை. மனைவி ஏவிஸோடு மார்லில் இருப்பதாகக் கேள்வி. பிடித்து வரவும்.

"மார்ல் பட்டியல்லயும் பொண்டாட்டி பேரு ஏவிஸ்தான்."

கர்னலின் காது சிவந்தது. "உங்க மாதிரி ஆளுங்களுக்கு இதுல ஒரு சந்தோஷம், இல்லையா மிஸ் கிரிம்ஷா?"

"கொஞ்சம் இருக்கு சார். ஆனா பதிவேட்டை நான் எழுதல."

"இந்தப் பக்கத்துல இனிமே யாரும் உங்களுக்கு வேலை தர மாட்டாங்க."

"தராம போகட்டும்."

அவருடைய பேனாவை நகர்த்திவிட்டு, தான் எழுதிக் கொண்டுவந்த அறிக்கையில் தன் பால்பாயிண்ட் பேனாவாலேயே கையெழுத்திட்டு மேசையில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கர்னல் நகலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"நாலு தடவை கூப்பிட்டும் போகலையா?"

"போகல."

"பிடிச்சாங்களா?"

"பதினோரு வருஷம் தேடியிருக்காங்க. வருஷா வருஷம் அதே வரிதான், பிடித்து வரவும்னு. அப்புறம் எழுதறதையே விட்டுட்டாங்க."

கர்னல் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பென்று சொல்லிவிட முடியாது. பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"பலகை விஷயமா பேசறேன். அந்த ஃபுல்க்கைச் சுரண்டி எடுத்துட்டு ஹியூன்னு பொறிக்க முடியுமாப்பா?"