பதின்மூன்று மீட்டர்

மூன்றாவது முறையும் கூடுதலாகத்தான் வந்தது.

அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய், புறப்பட்ட கோட்டுக்கே திரும்பி வந்து நின்றபோது அதன் எண் பெட்டி 2013 என்று காட்டியது. காலையில் 2003. மதியம் 2007. சர்வேயர் மூன்று நாள் முன்னால் முளை அடித்தபோது சுற்று சரியாக இரண்டாயிரம் மீட்டர். அதன் பிறகு முளைகளை யாரும் தொடவில்லை.

அவள் உதவி சர்வேயர். பள்ளிக்கூடத்திலிருந்தே ஸ்கேல் என்றுதான் பெயர். ஒல்லி, நேராக நிற்பாள், பேச்சையும் அளந்துதான் பேசுவாள். மறுநாள் காலை சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி. பெண்கள் ஐந்து சுற்று ஓட வேண்டும். அந்தப் பெண்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி.

கூடுதல் எங்கே வருகிறது என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். முப்பத்தொன்றாம் முளைக்கும் முப்பத்திரண்டாம் முளைக்கும் நடுவில் பாதை ஓர் ஊசியிலை மரக்கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வரும். ஐம்பத்திரண்டு மீட்டர். வரைபடத்தில் அவளே எழுதிய எண் அது.

சக்கரத்தை நம்பாமல் இரும்பு டேப்பை எடுத்துப் போனாள். முப்பத்தொன்றில் கொக்கியை மாட்டி, டேப்பை விட்டுக்கொண்டே மரங்களுக்குள் நடந்தாள். ஐம்பத்திரண்டில் முளை இல்லை. முன்னால் மரங்கள்தான். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு. அறுபதில் டேப் தீர்ந்துபோனது. அதன் முனையைத் தரையில் வைத்துவிட்டு மேலே நடந்தாள். தன் ஜாக்கெட் உரசும் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழாவது எட்டில், அதாவது இன்னும் ஐந்து மீட்டரில், முளை எதிரே நின்றது.

முளையிலிருந்து திரும்பி நின்று எதிர்த் திசையில் அளந்தாள். ஐம்பத்திரண்டு. ஒரு விரல்கடை கூடப் பிசகவில்லை.

சர்வேயர் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பதிமூணு கூட வருது."

"ஈரப் புல்லும்மா. சக்கரம் வழுக்கும்."

"வழுக்கினா குறையணும் சார். எப்பிடிக் கூடும்?"

"உன்கிட்ட வாயக் குடுத்தா இப்பிடித்தான். திருப்பித் தள்ளிப் பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டாயிரம்."

"அப்புறம் என்ன?"

"ஓடுறவங்க திருப்பி ஓட மாட்டாங்களே சார்."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பத்து மீட்டர் வரை கூடக் குறைய இருக்கலாம் என்பது போட்டி விதி. பதின்மூன்று என்றால் மரக்கூட்டத்தை விட்டுவிட்டுப் பாதையை மேட்டின் மேல் திருப்ப வேண்டும். செங்குத்தான மேடு. ஐந்து சுற்றுக்கு ஐந்து முறை ஏறி இறங்க வேண்டும்.

"உன் தங்கச்சி முட்டி அந்த மேட்டுக்குத் தாங்குமா?" என்றார். மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். தள்ளினது நீ. நீ என்ன எழுதுறியோ அதுதான் கணக்கு."

போன வாரம் தங்கை போனில், "அக்கா, மேடு மட்டும் இல்லாம பாத்துக்கோ. உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறேன்," என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் முட்டியில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. இந்த ஓட்டத்துக்காகத்தான் மூன்று வருடமாக வலியைத் தின்றுகொண்டிருந்தாள்.

படிவத்தில் 2000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாகத்தான் எழுதியது.

காலையில் மூடுபனி. ஸ்கேலை மரக்கூட்டத்தின் வெளிவாசலில், முப்பத்திரண்டாம் முளையருகே, மஞ்சள் ஜாக்கெட்டும் நிறுத்துக் கடிகாரமுமாக நிற்க வைத்திருந்தார்கள். உள்வாசலில் நின்றவர் வாக்கி டாக்கியில் ஆட்கள் நுழைவதைச் சொல்லுவார். வெளியே வருபவர்களை இவள் எண்ண வேண்டும்.

முதல் சுற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் நுழைந்தார்கள். தொண்ணூற்றிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நொடி, பதினொரு நொடி. பயந்ததுபோல் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் தங்கை அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். மூன்றாம் சுற்றில் பார்க்கவில்லை. நான்காம் சுற்றில் வெளியே வந்ததும் ஒருமுறை திரும்பி மரங்களைப் பார்த்தாள். ஓடுகிறவர்கள் அப்படித் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கடைசிச் சுற்று. "நாலு பேர் உள்ள. அஞ்சாவது உன் தங்கச்சி," என்றது வாக்கி டாக்கி.

ஸ்கேல் கடிகாரத்தை அழுத்தினாள். நான்கு பேர் வந்தார்கள். பத்தாவது நொடியில் தங்கையும் வந்தாள். ஆனால் அவள் ஓட்டம் போட்டி ஓட்டமாக இல்லை. துரத்தப்படுகிறவள் ஓடுவதுபோல், வாய் கோணி, கண் நிலைகுத்தி ஓடினாள். அந்த வேகத்திலேயே இரண்டு பேரைத் தாண்டி மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டாள்.

வீராங்கனைகளின் கூடாரத்தில் தங்கை மூன்று பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டியாகிவிட்டது. எல்லோரும் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"அந்த மரத்துக்கிட்ட எவ்வளவு தூரம் வச்சீங்கக்கா?"

"அம்பத்திரெண்டு."

"விளையாடாத."

"ஏன்டி?"

"கடைசி ரவுண்டுல உள்ள போனேன். முன்னால யாரும் இல்ல, பின்னாலயும் இல்ல. ஓடுறேன், ஓடுறேன், மரம் தீரவே இல்ல. தாகமே வந்துடுச்சு. அப்பப்ப உன் மஞ்சள் ஜாக்கெட் தெரியும். அப்பாடான்னு கிட்டப் போனா நீ இன்னும் தள்ளி நிப்ப. கூப்பிட்டேன். நீ திரும்பல." காலிப் பாட்டிலை நசுக்கினாள். "ஏன்க்கா திரும்பல?"

ஸ்கேல் தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள். குனிந்து தங்கையின் ஷூவைக் கழற்றினாள். நேற்றுச் சாயங்காலம்தான் இருவரும் உட்கார்ந்து பிடிமானத்துக்கான புது ஆணிகளை அதன் அடியில் திருகினார்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு மில்லிமீட்டர். இப்போது ஷூவின் அடியில் ஆணிகளே இல்லை. இருந்த இடத்தில் பளபளவென்று தேய்ந்த ஆறு புள்ளிகள் மட்டும் இருந்தன. புல்லில் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் ஆணி அப்படித் தேயாது. பத்து வருடம் ஓடினால் ஒருவேளை தேயலாம்.

மதியம் இருவரும் விடுதி அறையில் படுத்திருந்தார்கள். சிறிய அறை. கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு காலடி. அதை ஸ்கேல் வந்த அன்றே எண்ணியிருந்தாள், அது அவள் பழக்கம்.

தங்கை தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள். கண்ணை மூடியிருந்த ஸ்கேலின் காது தன்னால் எண்ணியது. ஏழு. எட்டு. ஒன்பதில் கதவு திறந்தது.

திரும்பி வந்தபோது பன்னிரண்டு.

துவைத்த துணியை எடுக்கத் தங்கை மறுபடி எழுந்தாள். இந்த முறை ஸ்கேல் கண்ணைத் திறந்து பார்த்தாள். தங்கை நடந்துகொண்டிருந்தாள். கால்கள் ஒழுங்காகத்தான் எட்டு வைத்தன. கதவு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் எட்டவில்லை. பதினைந்தாவது அடியில்தான் கை கைப்பிடியைத் தொட்டது.

"இந்த ரூம் பெருசுல்லக்கா?" என்றாள் தங்கை, திரும்பிப் பார்க்காமல்.

ஸ்கேல் எழுந்து உட்கார்ந்தாள். அவள் படித்தது இயற்பியல். எதுவும் இல்லாமல் போய்விடாது, இடம்தான் மாறும் என்று படித்திருந்தாள். பதின்மூன்று மீட்டரை அவள் காகிதத்திலிருந்துதான் எடுத்தாள். தரையில் இருந்தது அப்படியே இருந்தது. தனக்கென்று ஓர் இடம் இல்லாததால், யாருக்காக அதை எடுத்தாளோ அவளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று, ஏழு, பதின்மூன்று என்று வளர்ந்த ஒன்று இனியும் வளரும். நாளைக்கு இந்தப் பெண் பேருந்துப் படியில் கால் வைக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? வீட்டுக்கு?

சர்வேயரின் அறை அதே வராந்தாவின் அடுத்த கோடியில் இருந்தது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனாள், அங்கே இருபது காலடி.

"நேத்துப் படிவம் வேணும் சார். திருத்தணும்."

"உனக்கென்ன பைத்தியமா? ஓட்டம் முடிஞ்சதும் நானே சக்கரத்தத் தள்ளிப் பாத்தேன். ரெண்டாயிரம். மயிரிழை கூடப் பிசகல."

"இப்ப இருக்காது சார். நேத்து இருந்துச்சு."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "ஸ்கேலு, நல்லா யோசி. இதுல பதிமூணுன்னு எழுதினா ஓட்டமே செல்லாது. மெடல் எல்லாம் திருப்பி வாங்கிடுவாங்க. உன் வீட்டுக்கு வந்ததையும் சேத்துத்தான். அந்தப் புள்ள மூணு வருஷமா பட்ட பாடு எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"தப்பா எழுதினதுக்கு உன் வேலையும் போயிடும்."

"என் கையெழுத்துதானே சார்."

அவர் பெருமூச்சு விட்டுப் படிவத்தை நீட்டினார். ஸ்கேல் 2000-ஐ ஒரே கோட்டில் அடித்தாள். மேலே 2013 என்று எழுதினாள். பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். யாருடைய கணக்கு என்பதில் சந்தேகம் வரக் கூடாது.

வராந்தாவுக்கு வந்து நின்று காது கொடுத்தாள். அடுத்த கோடியில், அவர்கள் அறைக்குள் தங்கை கட்டிலை விட்டு எழுந்தாள். ஒன்று, இரண்டு. ஸ்கேல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து, ஆறு, ஏழு. கதவு திறந்தது. தங்கை வாசலில் வந்து நின்றாள், பதக்கம் இன்னும் கழுத்தில்.

ஸ்கேலுக்குக் கண் கலங்கியது.

"எங்கக்கா போன? சர்வேயர்கிட்ட என்ன பேசின?"

"வந்து சொல்றேன்," என்று நடக்கத் தொடங்கினாள். சொல்லப்போவதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். முதலில் ஷூவைக் காட்ட வேண்டும். பிறகு பதக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டுவாள், அழுவாள், ஒரு மாதம் பேச மாட்டாள். பரவாயில்லை.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

வாசல் வரவில்லை.

ஒரு கணம் நின்றுவிட்டாள். தன் ஜாக்கெட்டைக் கையால் தேய்த்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அப்போது புரிந்தது. தன் பெயரில் எழுதி ஏற்றுக்கொண்டவளிடம் அது வந்து சேர்ந்துவிட்டது. சரி. பதின்மூன்று மீட்டர் என்றால் அவள் நடைக்குப் பதினெட்டு அடி, கூட ஒன்றோ இரண்டோ. இருபதும் பதினெட்டும் முப்பத்தெட்டு. அதையும் நடந்துவிட வேண்டியதுதான். எண்ணிக்கொண்டே நடந்தாள். முப்பது. முப்பத்தைந்து. தங்கையின் முகம் தெளிவாகத் தெரிந்தது, கழுத்துப் பதக்கத்தின் விளிம்பு கூடத் தெரிந்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

தங்கை சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருந்தாள். மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"அக்கா," என்றாள். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "நீ நடந்துட்டுத்தானே இருக்க?"