கல்நார்க் கயிறு

அய்யாவு ஓட்டிய தோட்டத்து லோரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மலாயாவில், சாஆவிலிருந்து செகாமட் டவுனுக்குப் போகிற வழியில் ஒரு மேடு வரும். சரியாகப் பாதி மேட்டில் வந்ததும் லோரி இருமும், உதறும், நின்றுவிடும். இஞ்சினின் இடப்பக்கம் ஒட்டி வரும் புகைக்குழாய் தொட்டால் தோல் உரிகிற சூட்டில் காயும். அந்தச் சூட்டில் பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாயும் காய்ந்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிப் போனால் பிறகு இஞ்சின் எதைக் குடிக்கும்? அய்யாவு இறங்கி ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து பெட்ரோல் குழாயில் ஊற்றுவான். அது ஆறுகிறவரை ரோட்டோரம் குந்தியிருந்து அந்த லோரியின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் இழுத்து வைத்துத் திட்டுவான். முப்பதுகளின் தொடக்கம் அது. தோட்டத்தில் இருந்ததே அந்த ஒரு வண்டிதான்.

வெறும் ரப்பர் ஷீட்டு ஏற்றிப் போகிற நாளில் நின்றிருந்தால் திட்டோடு போயிருக்கும். அவன் பெண்டாட்டி தனலெட்சுமிக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே திரும்பிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும் அந்தப் பாழாய்ப்போன மேட்டில்தான் நின்றது. ரோட்டோரத்தில் பிறந்த பிள்ளை அழவே இல்லை. அதற்குப் பிறகு தனலெட்சுமி லோரியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அய்யாவு ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இந்தத் தடவை வண்டி நிற்கக் கூடாது. தலை போனாலும் நிற்கக் கூடாது.

ரப்பர் ஆலையில் இஞ்சின் பார்க்கிற செல்லப்பனிடம் போய் நின்றான். ஆலைக் குழாய்களில் சூடு தெறிக்காமல் சுற்றுகிற, ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்க் கயிறு அவனிடம் மிச்சம் இருந்தது. செல்லப்பன் கொடுத்தான், கூடவே நாலு வார்த்தையும் சொன்னான். சூடு வெளியே வராது, ஆனால் உள்ளேதானே நிற்கும், வார்ப்பிரும்பு அதைத் தாங்க வேண்டும், அதனால் அப்பப்போ அவிழ்த்துப் பார்க்கணும், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, அந்தச் சூட்டில் வெடித்துவிடும் என்றான். அய்யாவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கம்பியால் முடிந்து, மேலே சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்துப் பூசினான். கோயில் சுவர்கூட அத்தனை வழவழப்பாக இருக்காது. மறுநாள் லோரி மேட்டில் ஒரு இருமல் இல்லாமல் ஏறிப் போனது. அதோடு இன்னொரு அதிசயமும் நடந்தது. முன்பெல்லாம் கால் வைக்க முடியாமல் காய்கிற அடிப்பலகை சில்லென்று இருந்தது. அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்த இடம் ஆள் உட்காரும் இடமாகிவிட்டது. அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினான். அவிழ்த்துப் பார்த்தால் பூச்சு உதிர்ந்து போகுமே என்று அவிழ்க்கவே இல்லை. இன்னொன்றும் செய்தான். ஒருநாள் மேட்டில் ஏறி நிறுத்தியவன், பல வருஷப் பழக்கத்தில், யோசிக்கிறதற்குள் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டான், கயிறு சுற்றிய புகைக்குழாய்மேலும் கொட்டியது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அட, மறந்துட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். வண்டிதான் நல்லா ஓடுகிறதே என்று அதையும் மறந்தான்.

பிள்ளை தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்திலேயே நல்லபடியாகப் பிறந்தது. பெண்பிள்ளை, லயமே அதிர அழுதது. ஆனால் அடுத்த வாரமே தனலெட்சுமிக்குக் காய்ச்சல் ஏறியது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப் போனது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் பார்த்துவிட்டு, இது என் கையில் இல்லை, உடனே செகாமட்டுக்குக் கொண்டுபோ என்றார். வெளியே மழை கொட்டியது. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அங்கம்மா வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது, பாலுக்குப் பஞ்சமில்லை.

தனலெட்சுமியை லோரியின் முன்பக்கம் ஏற்றியதும் பிரசவம் பார்த்த வெள்ளையம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பச்சை உடம்புக்காரி அய்யாவு. ஈரக் காத்துப் பட்டா ஜன்னி கண்டுடும். படுதாவை இறக்கிக் கட்டு."

அதுவரை அந்த வண்டியில் முன்னால் உட்காருகிற இடத்துப் பக்கப் படுதாவை யாரும் இறக்கியதில்லை. இறக்கினால் உள்ளே வெந்து போவார்கள். இப்போது இறக்கலாம். அதை நினைக்க அந்த நேரத்திலும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இடப்பக்கத்துப் படுதாவை ஒரு பொட்டுக் காற்று நுழையாமல் இழுத்துக் கட்டினான். தனலெட்சுமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த மூலையில் சுருண்டாள். தன் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தான். மழையில் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது, தலையை வெளியே நீட்டித்தான் ஓட்ட முடியும்.

மேடு வந்ததும் அவள் கை அவன் சட்டையைப் பற்றியது. லோரி முனகிக்கொண்டே ஏறியது. அந்த ரோட்டோரத்தைத் தாண்டியது. உச்சிக்கும் வந்துவிட்டது. அய்யாவு சிரித்தான், கண்ணில் தண்ணீரும் வந்தது.

"சூடே இல்லைங்க," என்றாள் தனலெட்சுமி. "சுகமா இருக்கு. கொஞ்சம் தூங்குறேன்."

கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள். அவனுக்குத் தலை வலித்தது. மழையில் நனைந்ததனால் இருக்கும் என்று நினைத்தான். பாதி வழியில் கம்பளி விலகி அவள் முகம் தெரிந்தது. வெளுத்துக் கிடந்த முகத்தில் கன்னமெல்லாம் சிவப்பேறி, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள். அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது. தூங்கட்டும் என்று கம்பளியை இழுத்துவிட்டு, எழுப்பாமல் ஓட்டினான்.

செகாமட்டில் எழுப்பியபோது அவள் எழவில்லை. பிரசவக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். அதே லோரியில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தான்.

சனங்கள் ஆறுதல் சொன்னார்கள். உன்னால் ஆனதைச் செய்தாய், வண்டிகூட நிற்கவில்லையே, விதிக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். அய்யாவு அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி நிற்கவில்லை.

கருமாதி முடிந்து வேலைக்குப் போன அன்று, ஆலை வாசலில் இஞ்சின் ஓடியபடி நின்ற லோரியின் சத்தத்தைச் செல்லப்பன் காது கொடுத்துக் கேட்டான். உள்ளே டிக் டிக்கென்று ஏதோ அடிக்கிறது, அவிழ்த்துப் பார்க்கலாம் என்றான். பூச்சைத் தட்டி, கம்பியை வெட்டி, கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார்கள். குழாயின் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதற்கு நேராகக் கயிறு கிழிந்திருந்தது. இடப்பக்கத்து அடிப்பலகையின் கீழே புகைக்கரி அப்பிக் கிடந்தது. பலகை இடுக்கில் சுண்டுவிரல் போகும்.

 அய்யாவு செல்லப்பனிடம் கேட்டான்.

"ரப்பர் ஷீட்டு காயுற புகைக்கூடத்துல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு ஆள் தூங்கிச் செத்தானே, நீயும் நானும்தானே தூக்கினோம். அவன் மொகம் எப்படி இருந்துச்சு?"

"காய்ச்சல்தான் அய்யாவு," என்றான் செல்லப்பன், பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு. "டாக்டரே சொல்லிட்டாரு."

"செவப்பா இருந்துச்சு," என்றான் அய்யாவு.

கயிற்றை வாரிக்கொண்டு போய்ப் புகைக்கூடத்து அடுப்பில் போட்டான். விறகை அள்ளி அள்ளி மேலே போட்டான். இருட்டுகிறவரை அங்கேயே நின்று, வயிறெரிந்து அழுதான். அங்கம்மா பிள்ளையோடு வந்து கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வந்து சாம்பலைத் தள்ளிப் பார்த்தான். விறகெல்லாம் எரிந்து தீர்ந்திருந்தது. கயிறு எரியவில்லை. அவன் சுற்றிய வளைவுகூட மாறாமல் அப்படியே கிடந்தது.