நாலு தட்டு மௌனம்

அந்தப் பாட்டைக் கட்டி முடிக்கத் துன்ஜாய்க்கு எட்டு மாதம் பிடித்தது. மெட்டு அவர்கள் ஊர் ஹாலாய் ஆட்டத்தினுடையதுதான். அதில் கீபோர்டின் தாளத்தையும் மின்சார பாக்லமா என்ற நரம்பு வாத்தியத்தையும் சேர்த்திருந்தான். ஆனால் பாட்டின் உயிர் நடுவில் இருந்தது. எல்லாம் உச்சத்துக்கு ஏறி, நாலு தட்டு நேரம் சத்தமே இல்லாமல் நிற்கும். பிறகு இடி மாதிரி இறங்கும். அந்த மௌனத்தில் ஐம்பது கால்கள் அந்தரத்தில் நிற்பதை இன்றைக்காவது பார்த்துவிட வேண்டும்.

துருக்கியின் சிவாஸ் நகரில் ஒரு கல்யாண மண்டபம். மதியம் மூன்று மணி. சுண்டுவிரல் கோத்த வரிசை கூடத்தைச் சுற்றி வந்தது. பாட்டு உச்சத்தைத் தொட்டு நின்றது.

டும் டும் டும் டும் என்று மேளம் அந்த இடைவெளியை அடைத்தது.

துன்ஜாய், மேளம் அடித்த தன் தங்கை புருஷன் பக்கம் திரும்பினான். "மாப்ள, அங்க அடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கை கேக்க மாட்டேங்குது மச்சான். கல்யாணத்துல மேளம் நின்னா எழவு சேதி வந்திருக்குன்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?" என்றான் சாபித்.

"நாலே தட்டுடா! குச்சியை இடுப்புல செருகு."

மறுபடியும் பாட்டு ஏறியது. நின்றது. மேளமும் நின்றது.

தூக்கிய கால்களெல்லாம் தரைக்கு வந்துவிட்டன. முன்னால் கைக்குட்டை சுழற்றியவர் கையை இறக்கினார். "யாரு போயிட்டா?" என்றது ஒரு குரல். அப்போதுதான் இடி இறங்கியது. ஒருவரும் ஆடவில்லை.

கல்யாண மாப்பிள்ளையின் அம்மா மெவ்லூதே முகம் வெளுத்து ஓடி வந்தாள். "ஆஸ்பத்திரியில எங்க அண்ணன்... மறைக்காம சொல்லுப்பா!"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. பாட்டே அப்படித்தான்."

"பாட்டா? நல்ல நாளும் அதுவுமா இப்படியா கட்டுவே, பாவி!"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அண்ணன் டீ கேட்டு நர்ஸோடு சண்டை போடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "அதையே போடு. நடுவுல நிறுத்தினே, கையை ஒடிச்சிருவேன்."

துன்ஜாய் பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டினான். சாபித் நாலு தட்டை எட்டாக்கி அடித்தான். மண்டபமே எழுந்து ஆடியது. மூன்று தடவை திரும்பக் கேட்டார்கள்.

கல்யாண மாப்பிள்ளை வியர்க்க விறுவிறுக்க மேடையேறித் துன்ஜாயைக் கட்டிப்பிடித்தான். "அண்ணே, நடுவுல வருதே அந்த மேளம், அதுதாண்ணே பாட்டு!"

சாபித் மீசையை நீவிக்கொண்டான். துன்ஜாய் பாக்லமாவின் கலையாத சுருதியைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தான்.