புட் ஆஃபில் விட்டுப்போன அர்த்தம்

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே பாடம் நடத்திவிட்டு வந்த கிளெமென்டுக்கு, முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்து பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். 'புட் ஆஃப்' வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், வகுப்பு மொத்தமும் ஃபேனையும் லைட்டையும் அணைத்து வைத்திருந்தது.

"அது தப்பாங்க?" ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, உடை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்த அவன் மனைவி அனிஷா கேட்டாள்.

"நம்ம ஊர்ல சரிதான். லைட்டப் போடுங்கிறோம்ல, அந்தப் போடுதான் புட். ஆஃப் சேர்த்தா அணைஞ்சிருச்சு. ஆனா வெள்ளைக்காரனுக்கு அது தள்ளிப் போடுறது. பாரேன், நம்ம தள்ளிப் போடுறதுலயும் ஒரு போடு இருக்கு!" அத்தனை அசதியிலும் அவன் குரலில் குஷி.

அனிஷா சிரிக்கவில்லை. "அப்ப அயர்லாந்துக்காரங்க இன்டர்வியூவ 'புட் ஆஃப் அன்டில் தர்ஸ்டே'ன்னு போட்டிருந்தாங்களே?"

அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்கு, திங்கட்கிழமை போனில் நடக்கவேண்டிய நேர்காணல். ரத்தாகிவிட்டது, வியாழன்வரை ஆபீஸும் அடைப்பு என்று அவளாகவே முடிவு கட்டி, சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். அவனும் "போனாப் போகுது" என்றானே தவிர, மெயிலை வாங்கிப் பார்க்கவில்லை.

பார்த்தார்கள். வியாழன், ஆறரை மணி. இன்றுதான். இன்னும் பத்து நிமிடம்.

"இங்கிலீஷ் வாத்தியாரைக் கட்டி என்னத்தக் கண்டேன்!" தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டே திட்டினாள். அவன் போனை அரிசி டின்னில் சாய்த்து நிறுத்தி, திரையில் தெரியாதபடி தரையில் உட்கார்ந்தான்.

டயாலிசிஸ் வார்டு பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அனிஷா பட்டுப்பட்டென்று பதில் சொன்னாள். கடைசியில், திரையில் இருந்த அயர்லாந்துப் பெண் கேட்டாள்: "ஹேஸ் தி டிலே புட் யூ ஆஃப்?"

"யெஸ் மேடம்! மண்டே டு தர்ஸ்டே!"

கிளெமென்டுக்குப் பகீரென்றது. அதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு: இருந்த ஆசையைப் போகவைப்பது. ஊசிப்போன வாடை சோற்றின்மேல் இருந்த பசியைக் கெடுக்கிறதே, அதுபோல. அசதியில் அதை அவன் சொல்லாமல் விட்டிருந்தான். தாமதத்தால் ஆர்வம் போய்விட்டதா என்று கேட்டவளிடம், ஆமாம் என்கிறாள் இவள். இரண்டு கையையும் ஆட்டினான்.

அனிஷா அவன் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் போனில் சொல்லும் மருந்தளவு புரியாவிட்டால் அவள் ஊகிப்பதில்லை, திரும்பச் சொல்லச் சொல்வாள்.

"சாரி மேடம். ப்ளீஸ் சே இட் இன் அனதர் வே."

"டு யூ ஸ்டில் வான்ட் தி ஜாப்?"

"ஐ வான்ட் இட், மேடம். வெரி மச்."

அந்தப் பெண் சிரித்தாள். வேலைக்கான தாள்கள் மெயிலில் வரும், நிதானமாகப் படியுங்கள் என்றாள்.

திரை இருண்டதும் அனிஷா சுவரோடு சரிந்தாள். "இந்தப் பாழாப்போன புட் ஆஃபுக்கு இன்னும் எம்புட்டு அர்த்தம் இருக்கு?"

"இன்னொண்ணு ரெண்டு இருக்கும்."

"ஒண்ணு விடாம சொல்லிட்டு அப்புறம் படுங்க."