நியூட்ரலில் இருபத்தொன்று

பதினாலு, பதினைந்து, பதினாலு ஆம்பியர். மூன்று பேஸ் கம்பியிலும் கரண்ட் இவ்வளவு சமமாக ஓடினால், திரும்பி வரும் நியூட்ரல் கம்பியில் ஒன்றும் மிஞ்சக் கூடாதே. ஏன் இருபத்தொன்று காட்டுகிறது? மூன்று வருடத்துக்கு முன் இந்த வயரிங் சரி என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தானே.

சுதர்சனா கிளாம்ப் மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அதே இருபத்தொன்று. முந்தாநாள் கட்டிடத்தின் இந்த மெயின் பெட்டியில் நியூட்ரல் கம்பி உருகி அறுந்து, வோல்டேஜ் எகிறி, நான்கு வீட்டு பிரிட்ஜ் புகைந்துபோனது. படிக்கட்டுக்கு அடியில் இஸ்திரி போடும் வள்ளியம்மாள்தான் காரணம் என்று அன்றைக்கே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு நாளாக அவள் இஸ்திரிப்பெட்டியைத் தொடவில்லை. ஆனாலும் ஒட்டுப்போட்ட கம்பி சுடுகிறது.

கட்டிடத்தில் பன்னிரண்டும் ஜைன வீடுகள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் ஒன்றாக டிவி, கம்ப்யூட்டர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர். இவையெல்லாம் கரண்டைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுப்பவை. அந்த வெட்டுகள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிப்பதில்லை, கூடுகின்றன. இஸ்திரிப்பெட்டி அப்படி இழுக்காது. கட்டிடம் எழும்பியபோது, நியூட்ரலில் என்ன ஓடப்போகிறது என்று பாதிக் கனத்தில் கம்பி வாங்கியவர் பெரியப்பா தர்மதாஸ். படித்த பாடத்தை நம்பித் தலையாட்டியவள் சுதர்சனா. கோபம் யார்மேல் முதலில் பாய வேண்டும் என்று தெரியாமல் நெஞ்சுக்குள் சுற்றியது.

"இஸ்திரி போட்டா சட்டதான் தீயும். வூடுமா தீயும், பாப்பா?" என்றாள் வள்ளியம்மாள். சிரிப்பதுபோலத்தான் கேட்டாள். துணி மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. நாளைக்குள் காலிசெய்யச் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பா அறிக்கையை எழுதியே கொண்டுவந்திருந்தார். இஸ்திரிப்பெட்டியின் அதிக லோடால் விபத்து. கீழே சுதர்சனாவுடைய லைசென்ஸ் நம்பர். வயரிங் தப்பு என்றால் மூன்று மாடிச் சுவரையும் உடைக்க வேண்டும், அவள் லைசென்ஸும் போகும் என்று தணிந்த குரலில் விளக்கினார். உனக்காகத்தான் சொல்கிறேன் என்றார்.

"அந்தம்மாவுக்கு வேற எடம் கெடைக்கும். நீ ஒரு கையெழுத்து போடும்மா."

எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது இவர்களுக்கு ஒரு காரணம். படிக்கட்டுக்கு அடியில், குனிந்து பார்த்தால் போதும்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். சுதர்சனா வாங்கினாள். தாளைத் திருப்பி, பின்பக்கம் நான்கு எண்களையும் வரிசையாக எழுதினாள். தேதி போட்டாள்.

"என் தப்புக்கு நான் எழுதித் தரேன் பெரியப்பா. இதுல போட மாட்டேன்."

அவர் கையிலிருந்த மூடியை வாங்கித் திருகி, பேனாவை அவர் சட்டைப்பையில் மெல்லச் செருகினாள்.